ஒப்பீட்டுக்கு ஒரு வழக்கு

நாற்பத்திரண்டு வயதில் மறுபடி வகுப்பில் உட்கார்வது எனக்குப் பிடித்திருந்தது ஐயா. புலனாய்வு மேலாண்மையில் முதுகலை; சனி, ஞாயிறு வகுப்பு. காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, சேலை கட்டிக்கொண்டு, நோட்டுப்புத்தகத்தோடு போவேன். என் அப்பா மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதையும் செய்து காட்டி நிரூபிக்க வேண்டும் என்பார். அந்தப் புத்தி எனக்கும் உண்டு.

பெண்ணைக் காணவில்லை என்று புகார் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? "யார் கூடயாச்சும் போயிருப்பா, வந்துருவா" என்று பெற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறோம். அதைத்தான் ஆய்வுக்கு எடுத்தேன். காணாமல் போனவர்களைத் தேடும் எங்கள் தனிப்பிரிவின் பழைய கோப்புகளைப் புரட்டினேன். புகார் வந்து நாற்பத்தோரு மணி நேரம் கழித்துத்தான் சராசரியாகத் தேடவே கிளம்பியிருக்கிறார்கள். முதல் ஆறு மணி நேரத்தில் யார் எதைச் செய்ய வேண்டும் என்று நான் ஒரு முறை வகுத்தேன். ஆனையூரில் ஷெரின் என்ற கல்லூரி மாணவி காணாமல் போனபோது அதன்படி நடந்தோம். ஐந்தாவது மணி நேரத்தில் மீட்டோம். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

பேராசிரியர் படித்துப் பார்த்தார். "நல்லாருக்கு விக்டோரியா. ஆனா ஒரே கேஸை வச்சு எப்படி நிரூபிப்பீங்க? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொண்ணு வேணுமே" என்றார். அவர் பழைய கோப்புகளில் ஒன்றைத்தான் சொன்னார். அவற்றில் புகார் வந்த நேரமும் தேடக் கிளம்பிய நேரமும்தான் இருந்தன; இடையில் மணிக்கு மணி நடந்த எதற்கும் குறிப்பு இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, எழுமலையிலிருந்து நல்லகாமன் என்ற விவசாயி வந்தார். அவர் மகள் அஸ்வினி அவனியாபுரத்தில் தங்கி, செல்போன் கடையில் வேலை பார்த்தவள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து காணோம்.

"அம்மா, போன் போட்டா மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்கிறா. எம்மக இம்புட்டு நேரம் பேசாம இருக்கமாட்டாம்மா."

பேச்சிமுத்து என்பவன் ஒரு மாதமாக அவள் பின்னால் சுற்றியதையும், அவனுக்கு அங்கே ஒரு லேத் பட்டறை இருப்பதையும் அவரே சொன்னார். தண்ணீர் கொடுத்தேன். வந்துவிடுவாள் என்றேன்.

ஐந்தரை மணிக்கு டவர் விவரம் வந்தது. போன் அந்தப் பட்டறைத் தெருவை விட்டு நகரவில்லை. காவலர் அழகுபாண்டி இந்த விசாரணையில் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மைதான்.

"மேடம், வண்டியை எடுக்கவா? பத்து நிமிசத்துல போயிறலாம்."

"இருக்கட்டும்" என்று தாளை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன். அவர் மறுநாள் காலையும் கேட்டார். வேறு வேலைக்கு அனுப்பினேன்.

நல்லகாமன் ஊருக்குப் போகவில்லை. வாசலிலேயே இருந்தார். புதன்கிழமை தனக்கு டீ வாங்கப் போனவர் எனக்கும் சேர்த்து ஒன்று வாங்கி வந்தார். "உங்களுக்கு எம்புட்டு வேலையோ, நீங்களும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்றார். வாங்கிக் குடித்தேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கு, சரியாக நாற்பத்தோரு மணி நேரம் முடிந்ததும், பட்டறையின் பூட்டை உடைத்தோம். அஸ்வினியின் கைகள் கட்டப்பட்டிருந்தன. அவள் இறந்தது புதன் சாயங்காலம் என்றது பிரேதப் பரிசோதனை. பேச்சிமுத்துவை மதியத்துக்குள் பிடித்துவிட்டேன்.

கொன்றவன் அவன். ஆனால் அவள் இருக்கும் இடம் தெரிந்தும், உயிரோடுதான் இருப்பாள் என்று நம்பியும், முப்பத்தெட்டரை மணி நேரம் நான் வேண்டுமென்றே காத்திருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆய்வு முதல் வகுப்பில் தேறியது. அதில் எங்கும் அஸ்வினியின் பெயர் இருக்காது ஐயா, 'வழக்கு இரண்டு' என்றுதான் இருக்கும். என்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது அல்லவா.