தரையைப் படம்பிடித்த கசெட்

ஹலோ... ஹலோ, அஷ்வினி? ஆ, அப்பாதான். கேக்குதா?... ம், ம், எனக்கும் கேக்குது. நான் அனுப்பினது வந்திச்சா, வட்ஸ்அப்ல?... அதான், அதான். கோயில்ல சாமியார் ஒனக்கு முதல் நன்மை குடுத்தாரே, அந்த வீடியோ... ஆமா, ஒன்னோடதுதான். வேற யாருது?

இல்ல, தொலையல. அலுமாரிக்கு மேல பெட்டியில கிடந்திச்சு. கண்ணுல படக் கூடாதுன்னு ஒங்கம்மாதான் மேல ஏத்தி வச்சா... டவுன்ல, மார்க்கட்டுக்குப் பின்னால ஒரு கடை. ஆஸிகான்னு ஒரு புள்ள, பழைய கசெட்டெல்லாம் கொம்பியூட்டர்ல ஏத்திக் குடுக்குது. "அங்கிள், இதுல வெறும் தரைதானே இருக்கு"ன்னு சொல்லிச்சு. "தெரியும் மகள், அப்பிடியே ஏத்து"ன்னு அதுகிட்ட சொன்னேன்.

சிரிக்காத... சிரிக்காதன்னா. ஒனக்கு அப்ப எட்டு வயசு, என்ன நடந்திச்சுன்னு தெரியாது. அன்ரனி மாமா குவைத்ல இருந்து புதுக் கெமரா கொண்டாந்திருந்தாரு. வீட்டுலயே சிவப்புப் பட்டன ஒருக்கா அமத்திப் பார்த்தேன். அப்பவே ஓட ஆரம்பிச்சிருக்கு, நான் கவனிக்கல. கோயில்ல நீ பீடத்துக்கிட்ட போறப்ப அமத்துறேன், நின்னுருச்சு. நீ நன்மை வாங்கிட்டு வந்ததும், நிப்பாட்டுறதா நெனச்சு மறுபடி அமத்திட்டுக் கெமராவத் தொங்கப் போட்டேன். அப்பதான் ஓடுது... ஆமா, முழுக்க அப்பிடித்தான். எடுக்க வேண்டியது ஒன்னும் இல்ல. மத்ததெல்லாம் இருக்கு. ஒங்கம்மா மூணு நாள் சோறு போட்டா, பேசல. "கிளறன்ஸுக்குக் குடுத்ததுக்கு ஒரு மாட்டுக்கிட்ட குடுத்திருக்கலாம்"னு அன்ரனி என்னப் பத்தி ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சான்.

சரி, இப்ப போடு. நானும் இங்க டெப்லட்ல போடுறேன். ஒன்னு, ரெண்டு, மூணு... ஓடுதா? கால்ல அந்தக் கறுப்புச் சப்பாத்து, அது நான். பக்கத்துல பச்சக் கரைச் சேல, அது அம்மா... சத்தத்தக் கூட்டு. இன்னும் கூட்டு. "குடைய எங்க வச்சீங்க"ங்குறா பாரு... ம். அவ குரல்தான்.

அவ கெமராவக் கண்டா வாயத் தொறக்க மாட்டாளே. அன்ரனி கல்யாணக் கசெட்ல பார்த்திருப்பியே, பொம்ம மாதிரி நிப்பா. இதுல படம் ஓடுறது தெரியாம என்ன ஏசுறா. அம்மா போய் ரெண்டு வருசத்துக்கு அப்புறம் நான் ஏச்சு வாங்குறேன்... அழாத. நீ அழுதா எனக்கும்... சரி விடு, அழு.

இங்க நிப்பாட்டு மகள். இதுக்கு மேல ஒன்னுமில்ல... ஆமா, மிச்சமெல்லாம் தரைதான். நான் பார்த்துட்டேன்... நிப்பாட்டுன்னு சொல்றேன்ல. என்னா புள்ள நீ... அஷ்வினி... ஓடவிட்டுட்டியா?

...

ம்...

ம். அது ஒன் சப்பாத்துதான். அந்த வெள்ளச் சப்பாத்து. பூசை முடிஞ்சதும் ஐஸ்கிறீம் வான் பக்கம் ஓடிட்ட நீ. அம்மா கூப்பிடுறா... கேட்டியா?... நீயே கேட்டுட்ட, அப்புறம் ஏன் என்ன சொல்லச் சொல்ற?... சரி. "அஷ்வி, அப்பா தனியா நிக்கிறாரு பாரு. போய்ப் பக்கத்துல நில்லு. அவருக்குத் தனியா நிக்கத் தெரியாது." போதுமா? ஒடனே ஓடி வந்து பக்கத்துல நின்ன. அதுவும் அதுல விழுந்திருக்கு.

ஏன் மறைச்சேனா?... நீ கட்டார்ல நின்னு வேல செய்ற புள்ள, இதக் கேட்டா மனசு கிடந்து அடிச்சுக்கும்னுதான். எனக்கு என்ன குறை? காலைல பாண், பகலைக்குச் சோறு. பின்னேரம் குண்டசாலை சந்தி வரைக்கும் நடந்துட்டு வாறேன். பக்கத்து வீட்டு ஹலீம் நானா பேப்பர் குடுப்பாரு...

எத்தன தடவ பார்த்தேனா? எண்ணல... காலைலயும் பார்த்தேன். அதப் பார்த்துக்கிட்டே இருந்து பூசைக்கும் போகல.

...

என்ன கேட்ட?... இல்ல, கேட்டிச்சு. கேட்டிச்சு. நான் நல்லா இல்ல மகள். விடிஞ்சதுல இருந்து பொழுது போற வரைக்கும் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசாத நாளெல்லாம் இருக்கு. அந்தக் கடைப் புள்ளகிட்ட நாலு வார்த்த பேசலாம்னு, வேல இல்லாமலே ரெண்டு தரம் பஸ் ஏறிப் போனேன். கசெட் முடிஞ்சிச்சான்னு கேக்குற மாதிரி... வெக்கமாத்தான் இருக்கு.

அம்மா அடக்கத்துக்கு வந்துட்டுப் போனதுதான் நீ. ரெண்டு நத்தாரும், யேசு பொறந்த ராவுல கூட, தனியாத்தான் இருந்தேன். இதுவரைக்கும் வான்னு ஒன்ன நான் கேட்டதில்ல. இப்ப கேக்குறேன். நத்தாருக்கு வா.

...

ஆ... ஆ, ஆ. அது தெரியும்தானே. டிசம்பர்ல ஹொட்டல் நெறஞ்சிருக்கும், லீவு தரமாட்டாங்க... ஏப்பிரல்லயா? சரி. ஏப்பிரல்ல வா. ஏப்பிரல் நல்லம்... கோவமில்ல. சத்தியமா கோவமில்ல. கேட்டுட்டேன்ல.

கூப்பிடுறாங்களா? போ, போ, ஏச்சு வாங்காத... இரு, இரு. ரெண்டு நிமிசம் இருக்க ஏலுமா? பேச வேணாம். பேச என்னா இருக்கு. சும்மா லைன்ல நில்லு.

... ம்.

... பின்னால தட்டு அடுக்குற சத்தம் கேக்குது. நல்லாருக்கு.

...

நிக்கிறியா?

...

ஹலோ?... அஷ்வி?