எதிரெதிர் வாக்கு, ஒரே வண்டி

அஸ்ஸலாமு அலைக்கும்! இந்தத் தேர்தல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் முகைதீன்பாவா மரைக்காயர் அவர்களே, ஊரைத் தாங்கும் மூத்தோர்களே, வயலையும் வலையையும் விட்டு வந்த வாலிப நெஞ்சங்களே, திரைக்கப்பால் வீற்றிருக்கும் தாய்மார்களே!

இரண்டு வருடங்களுக்கு முன் விவசாயப் பயிற்சிக்கென்று அமெரிக்கா போய் வந்தவன் நான். கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் சோளம் விளையும் ஒரு நாட்டுப்புற மாவட்டத்திலே, ஹென்றி என்ற விவசாயியின் வீட்டில் தங்கினேன். அவ்வூர் சலூன் சுவரிலே ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார்கள். பார்த்தேன், பிரமித்தேன்! பாட்டன் காலத்திலே ஊர் முழுக்க ஒரே கட்சி. சோளம் விலைபோகாத பஞ்ச காலத்திலே ஊரே மறுகட்சி. யுத்தம் முடிந்ததும் திரும்பவும் பழைய கட்சி! நம்மூரிலே மரைக்காயர் கைகாட்டினால் அவருடைய குடிவழி முழுவதுமே அந்தப் பக்கம் சாய்வதில்லையா? அங்கேயும் அதே கதைதான். தலைவர் சிரிக்கிறார், கோபமில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் நான் இருந்த எண்பதாம் ஆண்டிலே ஓர் அதிசயம் நடந்தது. ஹென்றியின் வீடே இரண்டாயிற்று! அவர் ஒரு கட்சி, மனைவி மார்த்தா மறுகட்சி. தலாக் வரைக்கும் போகுமோ என்று நடுங்கினேன். போனதா? இல்லை! தேர்தலன்று ஒரே வண்டியில் புறப்பட்டார்கள்.

"உங்கள் வாக்கை மார்த்தாவின் வாக்கு வெட்டுகிறதே, இருவரும் வீட்டிலிருந்தால் பெற்றோலாவது மிஞ்சுமே?" என்றேன்.

ஹென்றி சொன்னார்: "வெட்டினாலும் அது அவளுடைய வாக்கு. அதை வீட்டில் பூட்டிவிட்டு நான் எப்படிப் போவேன்?"

யா அல்லாஹ்! மெய் சிலிர்த்துப் போனேன்.

என் மனைவி றம்ஸியா இம்முறை எதிரணிக்கு வாக்களிக்க நினைக்கிறா. சத்தம் வேண்டாம், தம்பிமாரே! அவவின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். "நான் அங்கால போட்டா மேடையில உங்கட மானம் போயிரும். நான் வோட்டுப் போடவே போகல்ல" என்று சொல்லிவிட்டா.

என் மானம் அவ்வளவு மெலிந்ததா? நான் உறங்குவது அவவின் சீதன வீடு. உண்பது அவவின் வயல் நெல். வாக்கு மட்டும் என்னுடையதா? நம் கட்சி வெல்லத் தொண்டை கிழியக் கத்துவேன். ஆனால் ஒரு பெண்ணை வீட்டில் இருத்தி வரும் வெற்றி எனக்கு வேண்டாம், வேண்டவே வேண்டாம்!

றம்ஸியா, புதன்கிழமை காலையில் என் சைக்கிளில் ஏறுங்கள். என் வாக்கை வெட்டும் உங்கள் வாக்கை நானே ஏற்றிச் செல்வேன்!

திரைக்கப்பால் என்ன சிரிப்பு? றம்ஸியா என்ன சொல்றாவாம்? டயரில காத்தில்லையாம், முதல்ல அதை அடிச்சு வைக்கட்டாம்! கேட்டீர்களா மக்களே, வாறாவாம்!

செவி தந்த உங்களுக்கும், என்னை இன்னும் மேடையிலிருந்து இறக்கிவிடாத தலைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வஸ்ஸலாம்.