சாவிகளைப் பையில் போடுங்கள்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அற்புதராஜ் அவர்களே! அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் அன்னையர்களே! சிங்கப்பூர் சிராங்கூன் சாலை நெரிசலை நீந்திவந்த நல்லோர்களே! ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் பணியாற்றும் சந்திரமதியின் பணிவான வணக்கம்!

ஜாலான் புசாரில் லாசரஸ் அண்ணனின் இரும்புக்கடையை அறியாதவர் உண்டா? அவர் மகள் பிரிஜட் போன மாதம் அந்தக் கடையிலேயே வலிப்பு வந்து விழுந்தாள். அவள் சம்மதித்தே இதைச் சொல்கிறேன். நாம் என்ன செய்தோம்? "சாவி குடுங்க, சீக்கிரம்!" என்று கத்தினோம். கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம், சுத்தியலையும் திணித்தோம். இரும்புதான் மருந்தென்றால், தரையிலிருந்து கூரைவரை இரும்பு அடுக்கிய கடையில் அவளுக்கு வலிப்பு வரலாமா? சிரிக்கிறீர்கள்! மருதப்பன் அண்ணே, அன்று முதலில் நீட்டிய சாவி உங்களுடையதுதானே!

பிறகு எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அவள் ரத்தத்தைப் பார்த்தோம். சிவப்பணு பிராணவாயுவை மட்டுமா சுமக்கிறது? இல்லை! கிருமியைப் பிடித்துக் கல்லீரலிடம் ஒப்படைக்கும் காவலும் செய்கிறது. நல்ல ரத்தத்தில் கிருமிக்குப் பதிலாக ஈஸ்ட்டைக் கலந்தால், சிவப்பணுக்கள் அதைச் சுற்றி மாலைபோல் ஒட்டிக்கொள்ளும். வலிப்புக்குப் பின் எடுத்த பிரிஜட்டின் ரத்தத்தில் அந்த மாலைகள் குறைவு. வலிப்பின் களைப்பு ரத்த அணுவரை போகிறதோ என்று ஆராய்கிறோம்; முடிவு இன்னும் தெரியவில்லை.

நம் ஆட்கள் அதற்குள் முடிவு கட்டிவிட்டார்கள்! "ரத்தமே கெட்டுப்போச்சாம், நமக்கும் ஒட்டிக்கும் லா!" தேவாலயப் பாடற்குழுவில் அவள் பக்கத்தில் நிற்க ஆளில்லை. அவளைப் பெற்ற உர்சுலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே அவ வீட்டுலயே இருக்கட்டும் அக்கா, யார் கண்ணுலயும் பட வேணாம்" என்று அழுதார்.

வலிப்பு தொட்டால் ஒட்டுமா? ஒட்டாது! பக்கத்தில் நின்றால் ஒட்டுமா? ஒட்டாது! காவல் தளர்ந்த நேரத்தில் நம் இருமல்தான் அவளுக்கு ஒட்டக்கூடும். பயப்பட வேண்டியவள் அவள். விலகி ஓடுகிறவர்கள் நாம். இது என்ன நியாயம்?

என்ன தம்பி, "அப்ப என்னதான் செய்யணும்?" என்கிறீர்களா? அப்படிக் கேளுங்கள்! தலைக்கடியில் ஒரு துண்டை வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் நீண்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தெளியும்வரை கூடவே இருங்கள்.

அடுத்து நன்றியுரை. சொல்லப்போவது பிரிஜட். மேடையில் விழுந்துவிடுவேனோ என்று திரைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிறாள். விழுந்தால்தான் என்ன? தாங்க இத்தனை பேர் இல்லையா? உர்சுலா அம்மா, தலையை நிமிர்த்துங்கள்! மற்றவர்கள் சாவிகளைப் பையில் போடுங்கள். இப்போது கை காலியாகத்தானே இருக்கிறது? தட்டுங்கள், நம் பிள்ளை வரட்டும்! கேட்டுக்கொண்டிருந்த அனைவருக்கும் நன்றி, வணக்கம்!