சயா சொன்னால் சரி

இந்தத் தேநீர் மணமாக இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் வார்த்தையை நம்பித்தான் குடிக்கிறேன், ஐயா.

யாங்கோனில் ஒயின் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். எந்தக் கொடி நடுவது, எப்போது பறிப்பது என்று நான் சொல்லாமல் ஷான் மலைத் தோட்டக்காரர்கள் கத்தரியைத் தொடமாட்டார்கள். எல்லாருக்கும் நான் 'சயா'. பர்மிய மொழியில் ஆசான். கொரோனா வந்துபோனதில் என் மூக்கு செத்துவிட்டது. அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்?

யாங்கோன் ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், எங்கள் ஒயின் கொட்டகையில் தொட்டி கழுவியவர் தேவராஜ். அவருக்கு மூக்கு இருந்தது. முகர்ந்துவிட்டு, "நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குது, சயா" என்பார். நான் அதையே நாலு பெரிய வார்த்தையில் எழுதுவேன். பரிசுகளை மேடையேறி நான் வாங்கினேன். அவருக்குக் கூச்ச சுபாவம்.

போன வருட அறுவடையின்போது தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "போத்தல்ல ஒரு ஓரமா என் பேரையும் போடலாமா, சயா? புஷ்பா கேட்டுக்கிட்டே இருக்கா."

புஷ்பா அவர் மனைவி. நியாயமான ஆசைதான். ஆனால் எதற்கு இந்தப் பெயர் என்று முதலாளி அவரைக் கேட்பார். தேவராஜுக்குப் பொய் வராது. அப்புறம் என்னை எவன் கூப்பிடுவான்?

ஒயினை வடித்த தொட்டியில் சக்கை அள்ள இறங்குமுன், மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவோம். அணைந்தால் மூச்சுவிடக் காற்றில்லை என்று அர்த்தம். அவர் பெயர் கேட்ட சில நாட்களில், ஒரு காலை, நானே விட்டேன். பாதியிலேயே அணைந்தது. மேலே இழுத்து மறுபடி பற்றவைத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

தேவராஜ் வந்து கயிற்றுக்குக் கை நீட்டினார்.

"நான் பாத்துட்டேன். நல்லா எரியுது," என்றேன்.

கையை இழுத்துக்கொண்டார். இங்கே அதை 'ஆனாடே' என்பார்கள். அடுத்தவர் மனம் கோணுமே என்ற சங்கடம். சயா பார்த்ததைத் தானும் பார்ப்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார்.

"சயா சொன்னா சரி," என்று ஏணியில் இறங்கினார்.

நான் தள்ளவில்லை. இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இனிப் பதில் வராது என்று நிச்சயமான பிறகுதான் ஆட்களை அழைத்தேன்.

அந்தத் தொட்டி ஒயினுக்கு 'தேவராஜ்' என்றே பெயர் வைத்தேன். முதல் போத்தலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு புஷ்பா ஏன் போலீஸ் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தார் என்றுதான் புரியவில்லை. அவர் கேட்டது ஓரத்தில், ஐயா. நான் நடுவில் போட்டிருக்கிறேன்.