ஒலிம்பியா தஸ்கலுவின் ஒற்றைச் சொல்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, எழுத்தாளர் சங்கத் தலைவர் நிக்கோதிம் சர்பு அவர்களே, உருக்காலையிலிருந்து வேலை உடுப்போடு வந்து பின்வரிசையில் நிற்கும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நாவலாசிரியர் ஒலிம்பியா தஸ்கலு மறைந்துவிட்டார். இந்தக் கலாட்ஸ் நகரின் பதிப்பகத்தில் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். அவரைப் 'பெரும் எழுத்தாளர்' என்று இங்கே பலரும் புகழ்ந்தீர்கள். நல்லது! உயிரோடு இருந்தபோது இதில் பாதியாவது சொல்லியிருக்கக் கூடாதா?

அவருடைய நாவலில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வரும். பழைய ஆட்சியின் கடைசிக் காலம். சிக்கனம் என்று சொல்லி மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். சூட்டுப்பெட்டியில் இருந்த குறைமாதப் பச்சைக்குழந்தை இறந்துபோகிறது. நர்ஸ் தாயிடம் வந்து, "ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்கிறாள். தாய் அழவில்லை. யாரையும் சபிக்கவில்லை. "குளிருது" என்கிறாள். அத்தோடு அத்தியாயம் முடிகிறது.

ஒரே சொல்! அந்தக் குளிரில் எது இல்லை? அணைந்த பெட்டி இல்லையா? காலியான மடி இல்லையா? எரிவாயுக் குறைப்பால் அடுப்பில் விரல்நுனி அளவே எரிந்த நம் வீட்டு நெருப்பு இல்லையா?

அன்று எங்கள் பதிப்பகத்தின் தலைமை ஆசிரியர் யார்? நிக்கோதிம் அவர்களே, நீங்கள்தான். ஒலிம்பியாவை அழைத்தீர்கள். நானும் அங்கே இருந்தேன்.

"அவ அழட்டும்மா. பத்துப் பக்கம் அழட்டும். மாரடிச்சுக்கட்டும், யாரு வேணாம்னா? அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டாம்."

"ஏன் சார்?"

"நாட்டுல குளிரு இல்லம்மா. மேலிடத்துல அப்படித்தான் சொல்லியிருக்காங்க. 'வருத்தமா இருக்கு'ன்னு போடுங்களேன். அதுவும் சோகம்தானே?"

கணப்பில்லாத அந்த அறையில் ஒலிம்பியா உங்கள் கையையே பார்த்தார். "கையுறையக்கூடக் கழட்டாம என் வார்த்தைய அடிக்கிறீங்களே சார்!" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அவர் சம்மதிக்கவே இல்லை. ஆனாலும் புத்தகம் வந்தது, 'வருத்தமா இருக்கு' என்ற சொற்களோடு! கடையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதியவருக்கே தெரியும்.

உருக்காலைக் கலையரங்கத்தில் அந்த அத்தியாயத்தை வாசிக்க அழைத்தார்கள். எல்லோரும் கோட்டோடு உட்கார்ந்திருந்தோம். ஒலிம்பியா அச்சில் இருந்ததை விட்டுவிட்டுத் தன் சொல்லையே வாசித்தார். யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் கிரேன் ஓட்டும் ஒரு பெண் எழுந்து, "ஆமாம்மா, குளிருது" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அதன்பின் என்ன நடந்தது? வேலை போயிற்று. எழுதத் தடை. ரொட்டித் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அவர் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். "அங்க அடுப்பாவது எரியுது. என்னைத் தண்டிக்கத் தெரியல அவங்களுக்கு!" என்று சிரித்தார். பேசும்போது விரல்களைக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டார். அவை வெந்திருந்தன.

ஆட்சி கவிழ்ந்தது. தடை நீங்கியது. மறுபதிப்பும் வந்தது. சொல் வந்ததா? இல்லை! கேட்கப் போனவரிடம், அப்போதும் அதே நாற்காலியில் இருந்த நீங்கள், "வாசகருங்க பழகிட்டாங்கம்மா. இப்ப யாருக்கு அந்தக் குளிரு ஞாபகம் இருக்கு?" என்றீர்கள். அதே பதிப்பிலிருந்து அந்த அத்தியாயத்தைப் பள்ளிப் பாடத்திலும் சேர்த்தார்கள். கீழே ஒரு கேள்வி: 'தாய் தன் வருத்தத்தை எவ்வாறு வெளிப்படுத்துகிறாள்?' இதைப் படித்து ஒலிம்பியா இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு பாடப்புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். "ஒரு நாவல் எழுதினேன். அதுல ஒரே ஒரு வார்த்தைதான் எனக்கு வேணும்னு கேட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை.

தடை செய்தவர்கள் எடுத்துக்கொண்டது சில ஆண்டுகளை. மறந்தவர்கள் எடுத்துக்கொண்டது மிச்சத்தை.

நண்பர்களே, மௌன அஞ்சலியை நீங்கள் செலுத்துங்கள். எனக்கு மௌனம் போதும் என்றாகிவிட்டது. நாளைக் காலை நகர நூலகத்தில் தொடங்கி, இந்த ஊரில் எங்கெல்லாம் அந்த நாவல் இருக்கிறதோ அங்கெல்லாம் போவோம். பொய்ச் சொல்லை அடித்து, அவர் சொல்லை மையால் எழுதுவோம். நூலகப் புத்தகத்தைக் கெடுத்தோம் என்று வழக்குப் போட்டால் போடட்டும். நீதிமன்றத்திலும் அதையே வாசிப்போம்.

ஆனால் முதல் பிரதியை நாங்கள் திருத்த வேண்டாம். நிக்கோதிம் அவர்களே, ஒலிம்பியாவின் படத்துக்கு முன்னால் ஒரு பிரதியைப் பூச்சூட்டி வைத்திருக்கிறீர்கள். பூவை எடுத்துவிட்டு அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திறங்கள். பேனா நான் தருகிறேன். இறந்தவர் நினைவாகப் பண்டம் பரிமாறுகிறவர்கள் சற்றுப் பொறுங்கள். யாரும் எழுந்து போக வேண்டாம். தலைவர் எழுதி முடிக்கட்டும்.