பதினோரு கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் நான் வெளியே கிளம்ப மாட்டேன், சார். அன்றைக்கும் குளித்துவிட்டுத்தான் போனேன்.

ஓசூரில் ஒரு கம்பெனி டூல்ரூமில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். எனக்கிருந்த ஒரே பைத்தியம் ரிமோட் விமானம். ஐந்தடி இறக்கை, சின்ன எஞ்சின், எல்லாம் என் கையால் செய்தது. ஊருக்கு வெளியே, விமான ஓடுதளத்துக்குப் பக்கத்தில் காய்ந்த ஏரியில் நானும் மூர்த்தியும் இன்னும் நாலு பேரும் பறக்கவிடுவோம். 2006-இல் தடை வந்தது. ஓடுதளத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் எதையும் பறக்கவிடக் கூடாது. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

ஒரு ஞாயிறு மூர்த்தி மட்டும் விமானம் இல்லாமல் வந்தான். பின்னாலேயே ஏட்டு முனிராஜ் வந்தார்.

"நான் எத்தன வாட்டி சொன்னேன் சார், இந்த நல்லுசாமி கேக்கவே மாட்டேங்கறான்" என்று மூர்த்தி என்னைக் காட்டினான்.

ஏட்டு என்னை அறைந்தார். என் விமானத்தைப் பூட்ஸ் காலால் மிதித்தார். கூட வந்திருந்த என் மகள் சுவேதா பார்த்துக்கொண்டு நின்றாள். ஏழு வயது. வீடு வரும்வரை அவள் என் கையைப் பிடிக்கவில்லை. அதுதான் சார் என் வயிற்றெரிச்சல்.

பிறகு மூர்த்தியும் மற்றவர்களும் சானமாவுப் பக்கம் ஒரு பொட்டலுக்கு மாறிக்கொண்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு ரிமோட் ஒரே சேனலில் இருந்தால் விமானம் சொன்னபடி கேட்காது. அதனால் சேனல் எண் எழுதிய துணிக் கிளிப்பைப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் ரிமோட்டைப் போடுவோம். மூர்த்தியின் எண் முப்பத்திரண்டு. பெங்களூர் போய், என் ரிமோட்டையும் அதே எண்ணுக்கு மாற்றிக்கொண்டு வந்தேன்.

மூன்று ஞாயிறு தைலமரத் தோப்புக்குள் உட்கார்ந்து பார்த்தேன். அவன் விமானத்தை இறக்கும்போதெல்லாம் அவன் மகள் ரஞ்சிதா தோப்போரம் நின்று கை தட்டுவாள். அவளுக்கும் ஏழு வயதுதான் இருக்கும்.

நான்காவது ஞாயிறு, விமானம் தாழ்ந்து வந்தபோது ரிமோட்டைப் போட்டேன். கிட்டத்தில் இருந்ததால் என் சிக்னல்தான் பலம்.

"ஐயோ, கேக்கலடா... ரஞ்சி, படுத்துக்கம்மா" என்று மூர்த்தி கத்தினான்.

மூக்கைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பினேன். நாலு கிலோ விமானம், முன்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அப்பன் சொன்னபடி படுத்த பிள்ளைக்கு எழுந்திருக்க நேரமே இல்லை.

மூர்த்தியையே அடித்திருக்கலாமே என்கிறீர்கள். அவன் என் மகளைப் பார்க்க வைத்தான். நான் அவனைப் பார்க்க வைத்தேன்.

தைலமரக் கிளையில் நீங்கள் எடுத்த கிளிப் என்னுடையதுதான். முப்பத்திரண்டு என்பது என் கையெழுத்து. ரிமோட்டைப் போடும் முன் கிளிப் மாட்ட வேண்டும். பழக்கத்தில் கை மாட்டிவிட்டது.

ரஞ்சிதாவைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள் சார். ஓடுதளத்திலிருந்து அந்தத் தோப்பு பதினோரு கிலோமீட்டர். வண்டி மீட்டரில் இரண்டு தடவை பார்த்தேன். அன்றைக்கு நான் எந்தத் தடையையும் மீறவில்லை.