ஒரே வீடு, ஒரே ஊசி

— அப்போ ஜூலியாவால போக முடியாதுன்னதும் என் ஞாபகம் வந்துடுச்சு. அப்படித்தானேண்ணா?

— ஜூலியா பேச்சை நான் எடுக்கல சோஃபியா. நீதான் எடுத்தே. நான் சொன்னது இவ்வளவுதான். ஈஸ்டர் முடிஞ்சதும் கனடாவுல ரயானுக்குக் கல்யாணம். தாலியில முதல் முடிச்சு அவன் போடுவான். மத்த ரெண்டும் நம்ம வீட்டுல பொறந்த பொண்ணு போடணும். அவனுக்குக் கூடப் பொறந்தவ இல்ல. நீ அத்தை. நீ வந்து போடணும்.

— ஒன்பது வருஷமா அத்தை இல்லாமத்தான் உங்க மகன் வளந்தான். முடிச்சு போட மட்டும் அத்தை வேணுமா?

— வேணும். முறைன்னு ஒண்ணு இருக்கு.

— அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுத்தான் மர்பி டவுன்ல நம்ம வீட்டை விட்டு அடுகோடிக்கு வந்தேன். முதல்ல உக்காருங்க. நின்னுட்டே பேச நீங்க என்ன கரண்ட் பில் குடுக்க வந்தவரா?

— உன் வீட்டுக்காரர் இல்லையா?

— கறி வாங்கப் போயிருக்காரு. ஞாயித்துக்கிழமையாச்சே, கியூ இருக்கும். நீங்க பூசை முடிச்சு நேரா வர்றீங்களா? சட்டை மடிப்பு கூடக் கலையல.

— நேராத்தான் வர்றேன். அவர் வரட்டும். கல்யாணத்துக்கு அழைக்கறவன் புருஷன் பொண்டாட்டியைச் சேத்து நிக்க வெச்சுத்தான் அழைக்கணும். உன்கிட்ட இப்போ சொன்னது சும்மா தகவல்.

— தகவலா. நல்லா இருக்கு. என் கல்யாணத்துக்கு நான் உங்களை அழைக்க வந்தப்போ உள்ள இருந்துட்டே ஜன்னலைச் சாத்தினீங்களே, அதுவும் ஒரு தகவல்தானா?

— காபி இருந்தா குடு.

— குடுக்கறேன். சர்க்கரை எவ்வளவு?

— சர்க்கரை வேணாம்.

— ஓ, சர்க்கரை வந்துடுச்சா? நோரா அண்ணி எல்லாம் சொல்லுவாங்க, இதை மட்டும் மறைச்சுட்டாங்களே.

— நோரா உனக்குப் போன் பண்றது எனக்குத் தெரியும்.

— எப்படி? மொட்டை மாடியில துணி காயப் போடறப்போதான் பண்ணுவாங்க.

— காஞ்ச துணியையே திருப்பி மாடிக்குத் தூக்கிட்டுப் போறா. தெரியாம இருக்குமா?

— தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? ஆச்சரியம்தான். சரி, எனக்கு என்னென்ன தெரியும்னு நீங்களும் கேட்டுக்கோங்க. கொரோனா ஊசி வந்த புதுசுல வீட்டுல எல்லாரையும் உக்கார வெச்சுப் பேசினீங்களாம். நம்ம நாட்டுலயே கண்டுபிடிச்ச ஊசிதான் நம்ம குடும்பத்துக்கு, ஒரே வீடு, ஒரே ஊசின்னீங்களாம். கோவேக்சின் எங்க போடறாங்கன்னு தேடிக் கண்டுபிடிச்சு, மாடியில இருக்கற அலெக்சாண்டர் அண்ணன், அவர் பொண்ணு ஜூலியா, நோரா அண்ணின்னு எல்லாரையும் ஆட்டோவுல ஏத்திட்டுப் போனீங்களாம். எங்க ஆபீஸ்லயே கோவிஷீல்டு போடறாங்க பெரியப்பான்னு ஜூலியா அழுதிருக்கா.

— அழல. முணுமுணுத்தா.

— முணுமுணுத்தது சரியாப் போச்சு. அல்சூர் டிராவல்ஸ் சேஷகிரி என்ன சொன்னாரு? துபாய்க்கு ஒரு சட்டம், லண்டனுக்கு ஒரு சட்டம், கனடாவுக்கு ஒரு சட்டம் சார், மாசா மாசம் வேற மாத்தறான், ஆனா கனடாவுல உங்க ஊசி செல்லாதுன்னாரு. பையனைப் பெத்தவங்கன்னா உள்ள விடுவான், ஆனா போய் பதினாலு நாள் தனியா அடைஞ்சு கிடக்கணும். சித்தப்பா, சித்தப்பா பொண்ணு இவங்களையெல்லாம் வாசல்லயே திருப்பிடுவான். முடிச்சு போட ஜூலியாவைத்தானே பேசி வெச்சிருந்தீங்க? அவளுக்குப் பட்டுப் புடவை எடுத்து ஜாக்கெட் கூடத் தெச்சாச்சாமே.

— அலெக்சாண்டர் ஒரு வழி சொன்னான். வேற யாரோட ஆதாரையாவது காட்டி ஜூலியாவுக்குக் கோவிஷீல்டும் போட்டுடலாம்னான். பொய்ப் பேர்ல ஊசி போட்டுக்கிட்டு, போய்க் கோயில்ல பீடத்துக்கு முன்னால நின்னு முடிச்சு போடறதாம். நம்ம வீட்டுக்கு அந்த வழி வேணாம்னுட்டேன்.

— அதுல உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நர்ஸ் நான், அது எவ்வளவு தப்புன்னு எனக்குத் தெரியும். ஆனா கணக்கைப் பாருங்க. நர்ஸ்ங்கறதால எனக்கு எல்லாருக்கும் முன்னாலயே கோவிஷீல்டு. இவருக்கு ஒர்க்‌ஷாப்புல கேம்ப் போட்டாங்க, அதேதான். நம்ம குடும்பத்துல கனடாவுக்குள்ள தலை நிமிந்து நடந்து போகக் கூடியவங்க யாரு? நீங்க வேணாம்னு தள்ளி வெச்ச ரெண்டு பேரு. ஆண்டவருக்கும் குசும்பு உண்டுண்ணா.

— ஆண்டவரை இதுல இழுக்காதே.

— பொண்ணு வீட்டுப் பக்கம் எல்லாரும் ஊசி போட்டு முடிச்சாச்சாம், மூணு பெஞ்ச் நிறைய வருவாங்களாம். நம்ம பக்கம் நீங்களும் அண்ணியும் மட்டும் உக்காந்திருந்தா, பையனுக்கு நாதி இல்லன்னு நாலு பேர் நினைப்பாங்க. அது உங்களுக்குத் தாங்காது. சரியா?

— தாங்காது. அதை நான் மறைக்கல.

— மறைக்கலன்னா இன்னொண்ணும் கேக்கறேன். பொண்ணு பேரு அம்ருதா. கன்னடப் பொண்ணு. நம்ம கிறிஸ்து வேதத்துல இல்லாத பொண்ணு. நான் கட்டிக்கிட்ட சரவணன் வீட்டுல புத்தர் படம் மாட்டியிருக்குன்னு என்னை வெட்டி விட்டீங்க. அம்மாவை என் கல்யாணத்துக்கு அனுப்பல. இப்போ உங்க பையனுக்குன்னு ஒரு புதுச் சட்டமா? கனடாக்காரனாவது மாசத்துக்கு ஒரு தடவைதான் மாத்தறான்.

— ரயான் போன்ல சொன்னப்போ நான் அவனைத் தடுக்கல. தடுத்தா என்ன ஆகும்னு ஒரு தரம் பாத்தாச்சு.

— இதை மன்னிப்புன்னு எடுத்துக்கணுமா?

— பதில்னு எடுத்துக்கோ.

— உங்க வாயில இருந்து இவ்வளவு வர்றதே பெரிசு. சூடா இருக்கு, மெதுவாக் குடிங்க. ஒரு பேச்சுக்குச் சொல்றேன், நாங்க வர்றோம்னே வைங்க. பாப்பாவை என்ன பண்றது? எட்டு வயசு. சின்னப் பிள்ளைங்களுக்கு இங்க இன்னும் ஊசியே வரல.

— பன்னெண்டு வயசுக்குள்ள இருந்தா, பெத்தவங்க ரெண்டு பேரும் போட்டிருந்தாப் போதும், கூட்டிட்டுப் போலாம். டெல்லி ஏர்போர்ட்டுக்குள்ளயே ஒரு டெஸ்ட் எடுக்கணும்னு சொல்றாங்க, அதுக்கு நேரம் விட்டு பிளைட் பாக்கணும். குழந்தையை வெச்சுட்டு ஓட முடியாது. விசா வர நாளாகும், உடனே போட்டாத்தான் உண்டு. சங்கமித்ராவுக்குப் பாஸ்போர்ட் எடுத்திருக்கியா?

— அவ பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— என் தங்கச்சி பொண்ணு பேரு எனக்குத் தெரியாதா?

— ஒரு நாளும் கேட்டதில்லயே.

— தெரிஞ்சதை எதுக்குக் கேக்கணும்?

— பாப்பாவுக்குன்னு இதெல்லாம் சேஷகிரிகிட்ட விசாரிச்சீங்களா?

— வயசைச் சொல்லி விசாரிச்சேன். தங்கச்சி பொண்ணுன்னும் சொன்னேன்.

— அந்த மனுஷன் வாயில எதுவும் நிக்காதே. அல்சூர் பூரா தெரிஞ்சிருக்கும்.

— தெரியட்டும்.

— அப்போ நானும் சொல்லிடறேன். இவரு என் கூட முதல் பெஞ்சுல உக்காருவாரு.

— வேற எங்க உக்காருவாரு?

— குடும்பப் போட்டோவுல நிப்பாரு. ஓரத்துல இல்ல.

— உயரமானவர். நடுவுல பின்னால நின்னா நல்லா இருக்கும்.

— பொண்ணு வீட்டுக்காரங்க இவரு யாருன்னு கேட்டா?

— தங்கச்சி வீட்டுக்காரர்னு சொல்லுவேன். வேற என்ன சொல்றது?

— ஒன்பது வருஷமா வேற என்னென்னமோ சொல்லிட்டு இருந்தீங்க.

— இன்னும் ஏதாவது இருக்கா? எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிடு.

— இருக்கு. நான் என்ன கேட்டாலும் நீங்க சரி, சரிங்கறீங்க பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது. நான் வளந்த வீட்டுல உங்க வாயில சரிங்கற வார்த்தையையே நான் கேட்டதில்ல. நர்சிங் ஹோம்ல ஒருத்தி லீவு போட்டா அந்த ஷிஃப்டுக்கு என்னைக் கூப்பிடுவாங்க. நான் போவேன். அது வேலை, அதுல எனக்குக் கௌரவக் குறைச்சல் கிடையாது. ஆனா ஜூலியா வர முடியாத எடத்துல நிக்கறதுக்கு, அண்ணன் மகன் கல்யாணத்துக்கு என்னால வர முடியாதுண்ணா. ரயான்னா எனக்கு உசுரு, கைக்குழந்தையா இருந்தப்போ நான்தான் இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சேன். முடிச்சு போடணும்னு எனக்கு ஆசை இல்லாம இல்ல. ஆனா ஆள் இல்லாத குறைக்கு வந்த அத்தையா போய் நிக்க மாட்டேன். தேவை தீந்ததும் ஊருக்கு வந்து மறுபடி ஜன்னலைச் சாத்துவீங்க. அதை இன்னொரு தரம் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

— அவர் வரட்டும்.

— அவர் வந்தா மட்டும் என் பதில் மாறிடுமா?

— அவர் வரட்டும்னு சொன்னேன்.

— இதோ, வண்டிச் சத்தம் கேக்குதே. வந்துட்டாரு. ஏங்க, யாரு வந்திருக்காங்க பாருங்க.

— இன்னா சோஃபி, வாசல்ல புதுச் செருப்பு கீது… சார். வாங்க சார், வாங்க. உக்காருங்க, எதுக்கு எழுந்துக்கிறீங்க? கையெல்லாம் கறிப் பையி. ஸ்வல்ப நேரம் இருங்க சார், கழுவிக்கினு ஓடியாறேன்.

— மெதுவா வாங்க. அவசரம் இல்ல.

— ஆய்த்து சார், கழுவிக்கினேன். சொல்லுங்க. வூட்ல எல்லாரும் சௌக்கியமா? உடம்பு கிடம்பு யாருக்கும்…

— எல்லாரும் நல்லா இருக்காங்க. சோஃபியா, வந்து அவர் பக்கத்துல நில்லு. ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்றேன். என் மகன் ரயானுக்கும் அம்ருதாவுக்கும் கனடாவுல கல்யாணம் நிச்சயமாயிருக்கு. நீங்க ரெண்டு பேரும் குழந்தையோட வந்து, முன்னால நின்னு நடத்திக் குடுக்கணும். முடிச்சு அத்தை போடணும். சாயங்காலம் நோரா தட்டோட வந்து முறைப்படி அழைப்பா. வீட்டுக்கு மூத்தவன் வாய் திறந்து முதல்ல சொல்லணும், அதனால நான் தனியா வந்தேன்.

— சார், நீங்க எங்க வூட்டுப் படி ஏறி வந்து இப்படி நின்னு கூப்பிட்டதே எனக்குப் போதும். சோஃபிக்கு எப்படியோ, எனக்கு மனசு நெறஞ்சுபோச்சு. ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சும் சொல்லாம கம்முனு இருந்தா அது தப்பு. கறிக்கடை கியூவுல நின்னுக்கினு போன்ல நியூஸ் பாத்துனு இருந்தேன். கனடாக்காரன் உங்க கோவேக்சினையும் ஒத்துக்கினான் சார். இந்த மாசக் கடைசியிலருந்து அந்த ஊசி போட்டவங்களும் தாராளமா போலாம். அடைஞ்சு கிடக்கவும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

— நிஜமாவாங்க? எங்க, காட்டுங்க.

— தோ, பாரு. நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்? ஜூலியாப் பொண்ணே போலாம் சார். எங்களுக்கோசரம் நீங்க ஊர் பேச்சு கேக்க வேணாம்.

— ஆமா. நியூஸ்ல போட்டிருக்கான். சரிண்ணா, நீங்க இதைப் பாக்கல போல இருக்கு. பரவாயில்ல. நீங்க சொன்னதையெல்லாம் பிடிச்சுட்டு நாங்க தொங்க மாட்டோம். அண்ணியைத் தட்டோட அலைய விடாதீங்க. ஜூலியா ஆசையா ஜாக்கெட் தெச்சு வெச்சிருக்கா, அவளே முடிச்சு போடட்டும். நீங்க இந்தப் பக்கம் வந்தது நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கட்டும்.

— எனக்குத் தெரியும் மாப்பிள்ளை. முந்தாநாளே சேஷகிரி போன் பண்ணி, ஜூலியாவுக்கு டிக்கெட் போட்டுடலாமா சார்னு கேட்டாரு. அதைக் கேட்டப்புறம்தான், இனி இந்த வீட்டுப் படி ஏறலாம்னு கிளம்பி வந்தேன்.